‘பால் பத்தல சிஸ்’: இரவு 2 மணிக்கு நடக்கும் பாடம்

இரவு 2.10. தங்கை தன் போனை என்னிடம் நீட்டினாள். சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. குழந்தைக்கு வயது ஐந்து நாள். ஏழாம் மாதத்தில் அவள் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸ்அப் தாய்மார் குழுவில், “பால் பத்தல சிஸ், பாப்பா விடாம அழுறா, பவுடர் குடுக்கலாமா?” என்று போட்டிருந்தாள். பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் பதில் போட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் முழித்திருப்பவர்களுக்கென்றே உள்ள குழுதானே. பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னார் ஒருவர். பால்சுறா புட்டு என்றார் இன்னொருவர். ஒருவர் பால் டின்னின் படத்தையே அனுப்பிவிட்டார். “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கவலப்படாதீங்க” என்று மூன்று பேர். அப்புறம் ஒரு அக்கா வந்தார். அவர் எந்த யோசனையும் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

“பொறந்தப்ப எடை எவ்வளவு? டிஸ்சார்ஜ் அன்னைக்கு எவ்வளவு? இன்னைக்கு எத்தன தடவ யூரின் போனா? மோஷன் என்ன கலர்?”

ஃபைலைத் தேடி எடுத்து முதல் இரண்டுக்குப் பதில் போட்டோம்: 3.1 கிலோ, 2.88 கிலோ. மலம் கறுப்பு மாறிப் பச்சையும் மஞ்சளுமாகப் போகிறது என்றோம். சிறுநீர் எத்தனை தடவை? தெரியவில்லை. டயப்பர் போட்டிருந்தோம். “கழட்டிட்டுப் பழைய வேட்டித் துணி கட்டுங்க. விடியிற வரைக்கும் எண்ணுங்க. அவளா எழுந்து குடிக்கிறாளா, இல்ல எழுப்பினாலும் எழுந்துக்காம தூங்குறாளா, அதயும் பாருங்க. கண்ணு, உடம்பு மஞ்சளா இருக்கா?” என்று அடுத்த கேள்விகள் வந்தன. விடிவதற்குள் மூன்று துணி நனைந்தது. பவுடர் டின் அன்றைக்கு வாங்கவில்லை.

இணையத்தில் தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது பலன் தருமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கேள்விகள்தான் நினைவுக்கு வரும். வைத்தியம் சொன்னவர்கள் எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் தங்கைக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஒருவர்தான்.

‘பால் பத்தல’ என்பது உலகம் முழுக்கத் தாய்மார் பவுடர் பாலுக்குப் போவதற்குச் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று. அதில் நிஜமாகவே பால் குறைவாக இருப்பவர்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சொல் ஒரு பயம், யாரும் அளந்து பார்த்துச் சொன்னது அல்ல. குழந்தை அழுகிறது, மார்பு கனக்கவில்லை, பீய்ச்சினால் நாலு சொட்டுதான் வருகிறது. அதனால் பால் இல்லை என்று முடிவு. இந்த மூன்றுமே நம்பக்கூடாத சாட்சிகள்.

முதல் நாள் குழந்தைக்கு ஒரு தடவைக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். பால் ‘இறங்குவது’ இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். தலைப்பிரசவத்திலும் சிசேரியனிலும் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். இதற்கிடையில் குழந்தையின் எடை 7 சதவீதம் வரை குறைவது வழக்கம். பத்து சதவீதத்தை நெருங்கினால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். என் தங்கை மகள் குறைந்தது 220 கிராம், அதாவது 7 சதவீதத்துக்குப் பக்கம். அந்த அக்கா மனக்கணக்காக அதைத்தான் போட்டிருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

எண்ணிக்கையும் அப்படித்தான். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் உள்ளே பால் போகிறது என்று பொருள். கறுப்பு மலம் (பெரியவர்கள் காட்டுப்பீ என்பார்கள்) நாலைந்து நாளில் மஞ்சளாக மாறிவிட வேண்டும். உள்ளே எவ்வளவு போனது என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் வெளியே வருவதை எண்ணலாம். இதைவிட எளிய கணக்கு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு பட்டதாரிகளும் நான்கு பிள்ளை பெற்ற ஒரு பாட்டியும் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

பயம் ஏன் ஆபத்து என்றால், அது தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும். பால் சுரப்பது கணக்குப் பார்த்து நடக்கிற வேலை. எடுத்தால் ஊறும். எடுக்காமல் மார்பில் தேங்கினால் ‘போதும், குறைத்துக்கொள்’ என்று உடம்பு புரிந்துகொள்ளும். பயத்தில் ராத்திரி ஒரு புட்டி பவுடர் கொடுத்தால் குழந்தை நாலு மணி நேரம் தூங்கிவிடும். அம்மாவும் தூங்குவாள், பாவம். அந்த நாலு மணி நேரமும் பால் எடுக்கப்படவில்லை. மறுநாள் கொஞ்சம் குறையும், இன்னொரு புட்டி. பத்து நாளில் ‘நான் அப்பவே சொன்னேன்ல, பால் இல்லன்னு’ என்று மாமியார் சொல்வது உண்மையாகிவிடும்.

தகவல் பஞ்சத்தால் இப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க ‘தாய்ப்பாலே சிறந்தது’ போஸ்டர்தான். ஒவ்வோர் ஆகஸ்ட் முதல் வாரமும் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம். 2015-இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளே திறந்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 60 சதவீதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற கணக்கில் 55 சதவீதம். அந்தக் கணக்கில் நாம் 63.7 சதவீத அகில இந்தியச் சராசரிக்கும் கீழே. ஏறக்குறைய எல்லாத் தாயும் டாக்டர், நர்ஸ் கண்ணெதிரில் பிள்ளை பெறுகிற மாநிலம் இது. 44.9 சதவீதம் சிசேரியன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மயக்கமும் தையல் வலியும் இருக்கும்போது முதல் மணி நேரம் எப்படியோ கழிந்துவிடும். ஆனால் அது முழுக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

பாலூட்டுவது கைப்பழக்கம். சைக்கிள் மாதிரி, தோசை திருப்புவது மாதிரி. குழந்தையின் மூக்கு மார்க்காம்புக்கு நேராக இருக்க வேண்டும், வாய் கொட்டாவி விடுவதுபோல் திறந்த பிறகு காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும் என்று போஸ்டரில் படித்தால் கை வராது. ஒரு காலத்தில் திண்ணையில், அடுப்படியில், அத்தையும் சித்தியும் மடியில் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தே பெண்பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்போது தன் முதல் குழந்தைதான் தான் கையில் தூக்கும் முதல் குழந்தை என்று இருக்கிறவர்கள் ஏராளம். அந்தக் காலப் பாட்டியையும் ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும், நாக்கில் தேன் தடவியதும், கழுதைப்பால் சங்கு தேடியதும், பச்சை உடம்புக்காரி தண்ணீர் நிறையக் குடிக்கக்கூடாது என்று சொம்பைப் பிடுங்கி வைத்ததும் அதே பாட்டிதான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சேற்றம் வரக்கூடும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இன்னொன்றும் உண்டு: இன்றைய பாட்டிகளில் பலர் பிள்ளை வளர்த்தது டின் பால் உச்சத்தில் இருந்த காலத்தில். கொழுகொழுவென்று டின்மேல் சிரித்த குழந்தைதான் அவர்கள் மனதில் ஆரோக்கியத்தின் முகம். டின்னில் தாய் சேய் படம் போடவே கூடாது என்று இந்தியச் சட்டம் சொன்னது 1992-இல்.

திண்ணை போனபோது அதை வேறு வடிவத்தில் திரும்பக் கட்டியவர்கள் அமெரிக்காவில் ஏழு இல்லத்தரசிகள். 1956, சிகாகோவை ஒட்டிய ஃபிராங்க்ளின் பார்க். டாக்டர்களே புட்டிப்பால்தான் விஞ்ஞானம் என்று சொன்ன காலம். அவர்கள் தொடங்கிய ‘லா லேச்சே லீக்’ அமைப்பின் பெயரே ஸ்பானிஷில் ‘பால்’. ‘மார்பு’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் அச்சிடத் தயங்கிய நாளில் இந்தப் பெயரில் கூட்ட அறிவிப்பு போட வசதியாக இருந்தது. மாதம் ஒரு தடவை ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, அனுபவப்பட்டவள் புதியவளுக்குச் சொல்லித்தருவாள். அவ்வளவுதான் திட்டம்.

இந்த முறைக்கு நல்ல சாட்சி நமக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. டாக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே பகுதிப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, கர்ப்ப காலம் தொட்டு ஐந்தாம் மாதம் வரை 15 தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் அந்தக் குழுவில் 70 சதவீதம். யாரும் போகாத குழுவில் 6 சதவீதம். ஒரு மருந்து இப்படி வேலை செய்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். போனவர்கள் நர்ஸ்கள் அல்ல என்பதும் அக்கம்பக்கத்து அம்மாக்கள் என்பதும்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

இந்தியத் தாய்மாருக்கான பெரிய ஃபேஸ்புக் குழுக்களில் ஒன்றான ‘பிரெஸ்ட்ஃபீடிங் சப்போர்ட் ஃபார் இந்தியன் மதர்ஸ்’ 2013-இல் தொடங்கியது. அதன் பிறகு வாட்ஸ்அப்பில், டெலிகிராமில், தமிழில், தங்கிலீஷில் என்று கணக்கில்லாமல் குழுக்கள் முளைத்துவிட்டன.

வரவேற்பறையில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. கேள்வி கேட்கிறவள் ஒருத்தி, பதிலைப் படிக்கிறவர்கள் முந்நூறு பேர். அதில் பாதிப் பேர் இன்னும் பிரசவிக்கவில்லை. என் தங்கை மூன்று மாதம் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டே இருந்தாள். ஆறாவது வாரத்தில் சாயங்காலம் ஆனால் குழந்தை விடாமல் மார்பிலேயே தொங்கும், அது பால் குறைவு அல்ல, குழந்தை வளரும் வேகத்துக்குப் பாலைக் கூட்டிக்கொள்ளும் வேலை என்பதை அவள் வேறு யாரோ ஒருத்தியின் புலம்பலில் படித்திருந்தாள். தன் ஆறாவது வாரம் வந்தபோது அழவில்லை. பால் கட்டிக்கொண்டால் முதலில் கொஞ்சம் கையால் பீய்ச்சி மார்பை இளக்கிவிட்டுக் குழந்தையைப் போட வேண்டும் என்பதும் அப்படி வந்ததுதான். அடுத்தவள் கஷ்டத்தைத் தனக்கு வருமுன் பார்த்து வைத்துக்கொள்வது: திண்ணையில் நடந்ததும் இதுதானே?

சரி, கோளாறுகளுக்கு வருவோம். அவையும் குறைவில்லை.

‘எனக்கு இப்படித்தான் சரியாச்சு’ என்பது குழுவின் தாய்மொழி. சொல்கிறவளுக்கு உண்மை, கேட்கிறவளுக்குப் பொருந்தாமல் போகலாம். பால் சுரக்க மாத்திரை பெயரும் அளவும் எழுதிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதயத்துடிப்பு சம்பந்தப்பட்ட பக்கவிளைவு உள்ள மாத்திரை அது. இதைவிடப் பெரிய ஆபத்து தைரியம் சொல்வது. ஐந்தாம் நாள் குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறது, ஆறேழு மணி நேரமாகத் துணி நனையவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, மஞ்சள் கால் வரை இறங்கியிருக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் அங்கே ‘கவலப்படாதீங்க சிஸ்’ சொல்லக்கூடாது. ஆட்டோ கூப்பிடச் சொல்ல வேண்டும். நல்ல குழுவுக்கு அடையாளம் என்ன என்று கேட்டால், ‘இதை இங்கே பேசாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க’ என்று எத்தனை தடவை சொல்கிறது என்று பார்ப்பேன்.

இன்னொன்று, பேசாமல் விடுவதால் வரும் கோளாறு. சில குழுக்களில் பவுடர் பால் என்ற சொல்லே தடை. நோக்கம் புரிகிறது. ஆனால் கீமோதெரபியில் இருக்கிற தாய், தத்தெடுத்த தாய், மூன்றாம் மாதம் வேலைக்குப் போய்க் கழிப்பறை தவிரப் பால் பீய்ச்ச இடம் இல்லாத தாய் எல்லோரும் என்ன செய்வார்கள்? வாயை மூடிக்கொண்டு டின் வாங்குவார்கள். அப்போது அவர்களுக்குப் பாடம் எடுப்பது மருந்துக்கடைப் பையன்தான். டின் பவுடர் கிருமி நீக்கப்பட்டது அல்ல. அதனால் கொதித்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆறாத தண்ணீரில், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்வது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிப் பழகிய கைகள்தான் நான் பார்த்தவை. டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறவர்களும் உண்டு. குழந்தை வயிறு நிறையும், எடை ஏறாது. புட்டி வேண்டாம், பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுங்கள், கழுவுவது சுலபம் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டுவது பற்றிய ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில்கூட அந்தப் பாத்திரத்துக்குப் ‘பாலாடை’ என்றுதான் பெயர் என்பது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

டின் படம் அனுப்பினாரே ஒருவர், அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நல்ல மனதோடு அனுப்பிய அம்மாவாகத்தான் இருக்கும். ஆனால் எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2022-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கைக்காக 2021-இன் முதல் ஆறு மாதத்தில் வந்த 40 லட்சம் சமூக வலைப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். பால் மாவு நிறுவனங்களின் கணக்குகள் நாளொன்றுக்குச் சுமார் 90 பதிவுகள் போட்டு, 22.9 கோடிப் பேரைச் சென்றடைந்தன. அம்மாக்களுக்கான செயலிகள், ஆலோசனைச் சேவைகள், ‘பேபி கிளப்’கள், இன்ஃப்ளூயன்சர்கள், நிறுவனமே நடத்தும் ஆதரவுக் குழுக்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. அதாவது தாய்மார் கூடி உட்கார்கிற திண்ணைக்கே கடைக்காரர் வந்துவிட்டார், சில இடங்களில் திண்ணையே அவருடையது. இந்தியாவில் 2003-இல் திருத்தப்பட்ட சட்டப்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவு, உணவு, புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது. மின்னணு வழி விளம்பரமும் அதில் அடக்கம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஒரு குழுவில் வந்து விழும் படத்தை எந்த அதிகாரி பார்ப்பார்? குழுவின் அட்மின்தான் பார்க்க வேண்டும். பிரசவத் தேதியையும் போன் நம்பரையும் கேட்டு ‘இலவச ஊட்டச்சத்து ஆலோசனை’ என்று தனியாக மெசேஜ் வந்தால் பதில் போடாமல் இருப்பது உத்தமம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவு விஷயத்தில் குழுக்கள் கொஞ்சம் நிதானமாகவே இயங்குகின்றன. ராகிக்கூழ், மசித்த பருப்புச் சாதம், முட்டை மஞ்சள்கரு என்று கிண்ணம் கிண்ணமாகப் படம் வரும். பவுடர் பால் சண்டையில் இருக்கிற சூடு இதில் இருப்பதில்லை. ஆனால் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தது, அதே 2019-21 ஆய்வின்படி, நாடு முழுக்க 11.3 சதவீதம் பேருக்குத்தான். சண்டை போட வேண்டிய இடம் இதுவாகக்கூட இருக்கலாம்.

வீட்டுக்குள் பாடத்தைக் கொண்டுபோவது தனிக் கலை. குழுவில் இருப்பவள் மருமகள். முடிவெடுப்பது குழுவில் இல்லாத மூன்று பேர். எங்கள் வீட்டில் அம்மா தண்ணீர்ச் சொம்பை எட்டாத இடத்தில் வைத்தபோது தங்கை வாதாடவில்லை. தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு குழந்தை மருத்துவர் தமிழில் பேசிய வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டுவிட்டு, காதில் விழாதவள்போல் துணி மடித்தாள். ‘டாக்டரம்மாவே சொல்றாங்க’ என்று சொம்பு திரும்பி வந்தது. பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் தொடர்ந்தன. அவற்றால் கெடுதல் இல்லை, சாப்பிடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை? அவரையும் யாரோ ‘அப்பாக்கள் குழு’வில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதில் டயப்பர் தள்ளுபடி லிங்க் தவிர வேறெதுவும் வருவதில்லை என்றார். ஆனால் அன்று ராத்திரி துணி எண்ணியது அவர்தான். காலண்டர் பின்பக்கத்தில் நேரத்தோடு கோடு போட்டு வைத்திருந்தார்.

குழுவால் முடியாத ஒன்று இருக்கிறது: எடை போடுவது. இலங்கையில் பிரசவித்த வீட்டுக்கு மருத்துவமாது நேரில் வந்து, குழந்தையைப் பார்த்து, தாய் பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டுப் போகிற வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்கே 2016 கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குக் கீழே தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகள் 82 சதவீதம். நமக்கும் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, நகரத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குத் திரும்பியவளின் கதவை யார் தட்டுகிறார்கள்? அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்திருக்கிறது. தங்கை டிஸ்சார்ஜ் ஆன ஆஸ்பத்திரி அடுத்த வரவுக்குக் குறித்துக் கொடுத்திருந்த நாள், குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து. எடையை யார் பார்ப்பது என்று அந்தச் சீட்டில் எங்கும் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தடுப்பூசி நாள், பெஞ்சு நிறையக் குழந்தைகள். செவிலியர் துணியையெல்லாம் உருவிவிட்டுத் தட்டில் கிடத்தினார். முள் ஆடி நின்றது: 3.04. தங்கை தராசைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். இதயமும் கைகூப்பும் வரிசையாக வந்து விழுந்தன. அந்த அக்கா மட்டும் கேட்டிருந்தார்: “குட். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித்தான குடுக்குறீங்க?”